கமாண்டருக்கு எதுக்குங்க தொப்பை

ஜன்னலோரம் நான் இருந்துக்கறேன் தம்பி, நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க. எனக்கு வெளிச்சம் வேணும். கடைசி சீட்டு தூக்கிப் போடும்னு தெரியும். முன்னால அத்தனை சீட்டு காலியாக் கெடக்க, இந்தாளு பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு ஏன் இங்க வந்து குந்தியிருக்கான்னுதானே பாக்கறீங்க? காரணம் இருக்குங்க. சொல்றேன்.

ஏனுங்க, அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறீங்க? அங்க யாரும் இல்ல, உங்ககிட்டத்தான் பேசறேன். என்ற இடது கண்ணு பொறந்ததுல இருந்தே சித்த சாஞ்சு இருக்கும். புதுசாப் பாக்கறவங்க எல்லாம் நான் பக்கத்து ஆள்கிட்டப் பேசறதா நெனச்சுக்குவாங்க. கண்ணாடி போட்டா அவ்வளவாத் தெரியறதில்ல. எனக்கே அது மறந்து போச்சு, விடுங்க.

இன்னைக்கு என்ற பொண்ணு சிந்துஜாவுக்குக் கல்யாணம். ஆமாங்க, இன்னைக்குத்தான். நால்ரோட்டுல மண்டபம். ஒறம்பரை, சொந்தபந்தம் முச்சூடும் நேத்தே போய்ச் சேந்தாச்சு. பொண்ணைப் பெத்தவன் மட்டும் டவுன் பஸ்சுல வர்றேன். கார் அனுப்பறேன்னு மாப்பிள்ளை சொன்னாரு, வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். கார் குலுங்காதுங்க.

மடியில இருக்கற இந்த டிபன் பாக்சுல சோறு இல்ல. ஒரு ஆளு இருக்கான். பஞ்சுக்குள்ள படுத்திருக்கான். இவனை ஒரு புள்ளி மாறாம முடிச்சுக் கொண்டு போனாத்தான் நான் மண்டபத்துக்குள்ள காலெடுத்து வெக்கலாம். முடிக்காமப் போனா என்ற தம்பியும் அவன் சம்சாரமும் நின்னு தாரை வார்த்துக் குடுப்பாங்களாமா. பெத்தவன் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கணும். பொண்ணு போட்ட சட்டமுங்க இது. கேட்டீங்களா அநியாயத்தை?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். என்ற தொழிலு சாயப்பட்டறை லேப்புல ஷேட் பாக்கறது. வெளிநாட்டுக்காரன் நகத்தளவு துணியை அனுப்பி, இதே கலர் வேணும்பான். பாத்துக் கொண்டாந்துருவேன். என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு கலர் போனதில்ல. அது வயித்துக்கு. மனசு இருக்கறது இந்தப் பொம்மைங்க மேல. புள்ளைங்க கட்டிப் புடிச்சுத் தூங்கற பொம்மை இல்லீங்க. கையுங் காலும் மடங்கற, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கற வீரனுங்க. நான் பள்ளிக்கூடம் போறப்ப வந்த வெளிநாட்டுச் சரக்கு. இப்ப பழைய சாமான் சந்தையில சாக்குல கொட்டிக் கெடக்குது.

எடுத்தாக் கை ஒட்டும். பழைய பிளாஸ்டிக் வேர்க்குமுங்க தம்பி, எண்ணெய்ப் பிசுக்காட்ட. ஒருத்தன் விரலை எவனோ கடிச்சுத் துப்பியிருப்பான். இன்னொருத்தன் கைக்கு அடியில, கம்புக்கூட்டுல சூயிங்கம் காஞ்சு கெடக்கும். சீ! அதையெல்லாம் கழுவி, ஸ்பிரிட்டுல ஊற வெச்சு, பழைய பெயிண்டை உரிச்சு, சுடுதண்ணியில போட்டு இளக்கிக் கைகாலைக் கழட்டி, இவன் தலையை அவனுக்கு மாத்தி, புதுசா பெயிண்ட் அடிச்சு நிறுத்துனா, தம்பி, கடையில இருந்து அப்பத்தான் வந்தவனாட்ட நிப்பான். தின்னர் தொடவே மாட்டேன், பிளாஸ்டிக்கை உருக்கிப்போடும். ஸ்பிரிட்டுதான்.

என்ற சம்சாரம் வசந்தாமணிக்கு இதுல மூஞ்சியக் கோணற வேலை மட்டுந்தான். ஒருக்கா பால் சட்டியில நாலு பேரை வேக வெச்சுப்போட்டேன்னு அந்தச் சட்டிய இன்னைக்கு வரைக்கும் தொடறதில்ல. முட்டை ட்ரேயில தலைகளை அடுக்கி வெச்சா, கருமம் கருமம்னு தலையில அடிச்சுக்குவா. பெயிண்ட் அடிச்ச தலை காயறதுக்கு அந்தக் குழி மாதிரி வசதி வேற எதுலீங்க இருக்கு?

ஒரே ஒரு சட்டம் வெச்சிருந்தேன். என்ற பிரஷை யாரும் தொடக் கூடாது. சிந்துஜா சின்னப் புள்ளையில மேசைக்குப் பக்கத்துல வந்து நிப்பா. "அப்பா, ஒரே ஒரு தடவைப்பா. ஒரு காலு மட்டும் அடிக்கறேன்ப்பா"ன்னு கெஞ்சுவா. "கையைக் கட்டிட்டுப் பாரு"ம்பேன். நல்லதுக்குத்தானுங்க! பிரஷ் முடி ஒருக்கா வளைஞ்சா வளைஞ்சதுதான். அவளும் வருசக்கணக்காக் கையைக் கட்டிக்கிட்டு நின்னா, சமத்துப் புள்ளை. அப்பறம் என்னமோ வர்றதில்ல. படிப்பு ஜாஸ்தி ஆயிருச்சு போல.

இப்ப நிச்சயத்தன்னைக்கு வாங்க. எங்கூட்டுல வெச்சுத்தான் நடந்துச்சு. மாப்பிள்ளை பேரு கோகுல். நல்ல பையந்தான், ஒண்ணுஞ் சொல்றதுக்கில்ல. தட்டெல்லாம் மாத்தியாச்சு, எல்லாரும் காப்பி குடிக்க உக்காந்தாங்க. அப்ப அவரு ஒரு பெட்டியக் கொண்டாந்து என்ற கையில குடுத்து, "மாமா, உங்களுக்குப் புடிச்சது"ன்னாரு. சபையே என்னைப் பாக்குது. தொறந்தேன்.

தம்பி, கண்ணைக் கசக்கிட்டு மறுபடியும் பாத்தேன்.

கமாண்டருங்க அது! பழைய அண்டவெளிப் படை வரிசையில வந்த கமாண்டர். முழங்கால்ல ஆணி வெளிய தெரியற மொதல் அச்சு. தேடுனாலும் அகப்படாத சரக்கு. அவனைப் பண்ணி வெச்சிருந்த கோலத்தைக் கேளுங்க. தலையில இருந்த ஹெல்மெட்டை அறுத்துப்போட்டு வழுக்கையாக்கி வெச்சிருக்குது. கம்பியை வளைச்சு ஒரு மூக்குக் கண்ணாடி. கரப்பான் மீசையாட்ட ஒரு மீசை. நெஞ்சுல பதக்கம் இருக்க வேண்டிய எடத்துல வெளுத்துப் போன நீலத்துல அரைக்கைச் சட்டை, அதுல பாக்கெட்டு வேற. காலுக்கு வேட்டி. துப்பாக்கி புடிக்கற கையில ஒரு குச்சி, நுனியில நாலு முடி. தொடப்பமோ என்ன கெரகமோ! இதெல்லாம் போதாதுன்னு, பைப்பு ஓட்டை அடைக்கற எம்சீலை உருட்டி ஒட்டி ஒரு தொப்பை! கமாண்டருக்கு எதுக்குங்க தொப்பை?

பெயிண்டாவது பெயிண்டா இருந்துச்சா? பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிப்பாங்களே, அந்தாட்டத் திப்பித் திப்பியா. துணிக்கு அடிக்கற பெயிண்டுங்க. செருப்புக்கு நெயில் பாலிஷ். நெயில் பாலிஷ் பழைய பிளாஸ்டிக்கைத் தின்னுரும்னு பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே. கண்ணு அதுக்கு மேல. வலது கண்ணு ஏதோ பரவால்ல. இடது கண்ணு எங்கயோ பாக்குது. கருமுழிக்கு வெச்ச பொட்டு மையி அது பாட்டுக்கு ஓரமா ஒதுங்கி நிக்குது. நம்மளைப் பாக்கறானா, சுவத்தைப் பாக்கறானான்னே தெரியல.

சபை முச்சூடும் சிரிச்சாங்க. கண்றாவியப் பாத்தாச் சிரிக்கத்தானே செய்வாங்க? சம்பந்தியம்மா என்னைப் பாக்கறாங்க, பொம்மையைப் பாக்கறாங்க, மறுபடியும் என்னைப் பாக்கறாங்க, வாயைப் பொத்திக்கறாங்க. பாவம், பெத்த மகன் பண்ணுன காரியம், அந்தம்மாவுக்கு எத்தனை சங்கடமா இருந்திருக்கும்!

நான் மனசுல வெச்சுக்கற ஆளு இல்லீங்க. சபையிலயே சொல்லிப்போட்டேன். "மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க. இது மாட்டுக் கொம்பு வேலை. இந்தக் கமாண்டர் என்ன பாவம் பண்ணுனான், அவனுக்கு இந்த மொகறையக் குடுத்துட்டீங்களே? இந்த மூஞ்சியத் தெருவுல பாத்தா நாய் கூடக் கொலைக்காது, ஒதுங்கிப் போயிரும்"னேன். சிரிச்சுட்டு இருந்த சனம் கப்புன்னு அடங்கிருச்சு. கோகுல் மொகம் சுருங்கிப் போச்சு. சிந்துஜாவைப் பாத்தாரு.

சரி, மனசு நொந்துட்டாரு, நம்மளே சரி பண்ணிக் குடுத்துருவோம்னு, அவங்க பலகாரம் தின்னு முடிக்கறதுக்குள்ள மேசைக்குப் போயிட்டேன். ஸ்பிரிட்டுல முக்குனேன். நெயில் பாலிஷைக் கத்தி முனையில சொரண்டுனேன். தொப்பையைப் பேத்து எடுத்தேன். அம்மணமா, மூஞ்சி இல்லாம, கழுவி வெச்ச பீங்கானாட்டக் கொண்டாந்து நடு ஊட்டுல நிறுத்தி, "இந்தாங்க மாப்பிள்ளை, இப்பத்தான் மனுசனா இருக்கான்"னேன்.

நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க தம்பி, உதவிதானே அது?

சிந்துஜா எந்திரிச்சா. "அப்பா, அது நான் பண்ணுனது"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "நீயா? எனக்குப் பொறந்துட்டு இப்படியா பெயிண்ட் அடிப்பே?"ன்னேன். அவ அழுகல. அழுதிருந்தாச் சமாதானம் பண்ணியிருக்கலாம். அந்தப் பொம்மையை எடுத்து என்ற மொகத்துக்கு நேரா நீட்டி, "யாருன்னு கூடத் தெரியலையாப்பா?"ன்னு கேட்டா.

யாருகிட்ட வந்து என்ன கேக்கறா பாருங்க. "தெரியாம என்ன? கமாண்டரு. மொதல் அச்சு. மூஞ்சிய மூடிட்டுக் குடுத்தாக் கூட முழங்காலைத் தொட்டுச் சொல்லிருவேன்"னேன்.

பொம்மையக் கீழ வெச்சுட்டு உள்ள போனவதானுங்க. அன்னையோட என்கூடப் பேச்சை விட்டுட்டா. பத்திரிகை அடிச்சோம், பேசல. சேலை எடுக்கப் போனோம், என்னமோ முன்பின் தெரியாத ஆளுகூட வந்தவளாட்ட நின்னா. சோறு போடறவ தட்டை வெச்சுட்டுப் போயிருவா. ஊட்டுல பொண்ணோட சத்தம் கேக்கும், எனக்கு மட்டும் ஒரு வார்த்தை வராது. கஷ்டமா இருந்துச்சுங்க. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. இன்னைக்குப் போனா இனி அடுத்த ஊட்டுப் புள்ளை.

வசந்தாமணிகிட்டக் கேட்டேன். "நெசமாலுமே உங்களுக்குத் தெரியலையா?"ன்னு என்னை ஏற எறங்கப் பாத்தா. தெரியலைன்னா சொல்லித் தொலையேண்டீன்னேன். சொல்லக் கூடாதுன்னு புள்ளை சத்தியம் வாங்கிட்டாளாம். நானாக் கண்டுபுடிக்கணுமாம். கண்டுபுடிக்க அதுல என்னங்க இருக்கு? நெயில் பாலிஷ் எந்த டப்பான்னு கண்டுபுடிச்சேன். எம்சீல்ல தண்ணி ஜாஸ்தி ஆயிருச்சுன்னு கண்டுபுடிச்சேன். போய்ச் சொன்னா, வசந்தாமணி தலையில அடிச்சுக்கிட்டா.

அப்பறந்தான் வசந்தாமணி மூலமாப் பொண்ணோட சட்டம் வந்துச்சு. பழையபடி பண்ணிக் கொண்டு வரணுமாம். அதே தொப்பை, அதே மீசை, அதே தொடப்பம். அதே கண்ணு. கொண்டு வந்தா அப்பா தாரை வார்க்கட்டும், இல்லாட்டிச் சித்தப்பா நிக்கட்டும். அசிங்கத்தை உரிச்சு எடுத்தவனே அந்த அசிங்கத்தை மறுபடியும் பூசோணுமாமா! வாந்தியத் தொடைச்சவனை, மறுபடியும் வாந்தியெடுத்துக் காட்டுன்னு சொன்னாப்புல.

தூன்னு போட்டுட்டு இருந்திருப்பேன். ஆனா பொண்ணு கல்யாணமாச்சே. நிச்சயத்துல எடுத்த போட்டோ வசந்தாமணி செல்லுல இருந்துச்சு. அதைப் பெருசாப் பிரிண்ட் போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்தேன். ஹெல்மெட்டு போனதுதான், வழுக்கை பத்திரமா இருந்துச்சு. தொப்பையை உருட்டி ஒட்டுனேன். கம்பியை வளைச்சேன். அந்த வெளுத்த நீலம் மட்டும் ரொம்பப் படுத்துச்சு. எங்கயோ பாத்த நீலமா இருக்குதேன்னு யோசிச்சுப் பாத்தா, எங்க கம்பெனிச் சட்டையோட நீலமுங்க! பீரோவுல இருந்து என்ற பழைய சட்டையை எடுத்துப் பக்கத்துல விரிச்சு வெச்சுக் கலந்தேன், அச்சா உக்காந்துக்கிச்சு. கமாண்டருக்கு அடிக்க உலகத்துல வேற கலரே கெடைக்கல பாருங்க, அந்தப் புள்ளைக்கு!

ஒண்ணு மட்டும் சொல்லோணும். உரிக்கறப்பவே பாத்தேன். அந்தக் கேவலத்துக்கு அடியில பிரைமர், அந்த அடிப்பூச்சு, மெலுசா, சீரா அடிச்சிருந்துச்சு. கைமூட்டு இறுகிப் போயிரக் கூடாதுன்னு டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிச்சிருந்தா. அது என்ற வேலை தம்பி. நான் மட்டும் பண்ற வேலை. யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. எங்க கத்துக்கிட்டாளோ! அதை நெனச்சா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. அப்படி அடி வேலை பண்ணுனவ மேல போயி இப்படிக் கெடுத்து வெப்பாளான்னு ஆத்திரமும் வருது.

எல்லாம் முடிஞ்சுது, கண்ணு முடியல. இடது கண்ணு. அதான் இந்த அவதி. போட்டோவைப் பாத்துத்தான் போடறேன். கை தானா மையியக் கொண்டு போயி நடுவுல வெச்சுருது. எத்தனை தடவை! இடது கையில போட்டுப் பாத்தேன், கண்ண மூடிக்கிட்டுக் கூடப் போட்டுப் பாத்தேன். கோணலை எப்படிங்க வேணும்னே போடறது? பழக்கம் இல்லையே. நேரா இருக்கறதைத்தான் என்ற கண்ணு ஒத்துக்குது.

அதுக்குத்தான் தம்பி இந்த பஸ்சு, இந்தக் கடைசி சீட்டு. பாலம் வேலை நடக்கற எடத்துல ரோடு கெடக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். அது தூக்கிப் போடறப்ப போட்டுட்டா கோணலாத்தானே விழுகும்? எப்படி யோசனை!

இதா வந்துருச்சு. இந்த பாட்டலை சித்தப் புடிங்க. ஸ்பிரிட்டு, மூடிய நல்லா அழுத்துங்க. பிரஷைத் தொடாதீங்க! நான் எடுத்துக்கறேன். ம்… இருங்க… அடச் சீ! கன்னத்துல இழுத்துருச்சு. அந்த பாட்டலைக் குடுங்க, தொடைச்சுப்போடறேன். கருமம், அப்பிக்கிச்சு பாருங்க. ஆச்சு. இன்னொருக்கா. ட்ரைவரே, மெதுவாப் போகாதீங்க, போற மாதிரியே போங்க! ம்… ம்… போட்டுட்டேன்.

அட நாசமாப் போக. நேரா விழுந்துருச்சு! இத்தனை குலுக்கல்லயும் நட்ட நடுவுல! என்ற கையை என்னன்னு சொல்றது!

ஏனுங்க சிரிக்கறீங்க? நான் இங்க செத்துட்டு இருக்கேன், உங்களுக்குச் சிரிப்பு. சொல்லிட்டுச் சிரிங்க.

என்ன? யாராட்ட இருக்குதுன்னு கேக்கறீங்களா? கமாண்டருன்னு இத்தனை நேரமாச் சொல்லிட்டு வர்றேனே.

யாரு?

நானா? போங்க தம்பி! எனக்கு இத்தனை தொப்பையா? இது எம்சீல் தொப்பைங்க, என்றது சாப்பாட்டு… சரி, தொப்பைய விடுங்க. வழுக்கை ஊர்ல யாருக்கு இல்ல? கண்ணாடி நீங்களுந்தான் போட்டிருக்கீங்க. சட்டை… சட்டை எங்க கம்பெனிச் சட்டைதான். நாந்தானே பக்கத்துல வெச்சுக் கலந்தேன்.

இந்தக் குச்சி. இது தொடப்பம் இல்லீங்களா? நாலு முடி. பிரஷ்ஷா இது?

இருங்க. சித்தப் பேசாம இருங்க.

அப்ப சபையில எல்லாரும் சிரிச்சது கோகுலைப் பாத்து இல்ல. சம்பந்தியம்மா மாத்தி மாத்திப் பாத்தது அதுக்குத்தான். நான் எந்திரிச்சு, நாய் கூடக் கொலைக்காதுன்னு… தூ! என்ற மூஞ்சியத்தான் சொல்லியிருக்கேன், என்ற வாயாலயே. அப்பறம் கொண்டு போயி ஸ்பிரிட்டுல முக்கி, கத்தியப் போட்டுச் சொரண்டி, இப்பத்தான் மனுசனா இருக்கான்னு அவகிட்டயே குடுத்திருக்கேன். முழங்காலைப் பாத்தேனே தவிர மூஞ்சியப் பாக்கல தம்பி. அவ நேரா நீட்டிக் கேட்டா. மொகத்துக்கு நேரா நீட்டி, யாருன்னு தெரியலையான்னு கேட்டா. கமாண்டருன்னேன்.

அந்தக் கண்ணு கோணல் இல்லீங்க. அவ தப்பாப் போடல. கையைக் கட்டிட்டு நின்னவ பிரஷை மட்டும் பாத்துட்டு நிக்கல போல.

உங்க செல்லக் குடுங்க. குடுக்க வேண்டாம், மொகந் தெரியற மாதிரி அமுக்கி எனக்கு நேராப் புடிங்க. இன்னுங் கொஞ்சம் மேல. ஆடாமப் புடிங்க. கண்ணாடியக் கழட்டிக்கறேன். ஆத்தாடி, இத்தனையா சாஞ்சு இருக்குது? வசந்தாமணி ஒரு நாள் சொன்னதில்லையே. நேராப் போட்டதைத் தொடைச்சாச்சு, பாட்டலை நீங்களே வெச்சுக்கங்க. ட்ரைவரே, இப்ப மெதுவாப் போங்க சாமி, கோடிப் புண்ணியமாப் போகும், குலுக்காதீங்க. ம்… கண்ணுல தண்ணி வந்தாப் பாக்க முடியறதில்ல, இருங்க… ம்… ம்…

ஆச்சு.

பாருங்க. சீ, என்ன கண்ணுங்க இது! எங்கயோ பாத்துக்கிட்டு, திருடனாட்ட. இந்த மொகறையத்தான் அத்தனை வருசம் நின்னு பாத்திருக்கா. அருவருப்பா இருக்குது எனக்கு. இருங்க, பையில இருக்கற போட்டோவை எடுத்துப் பக்கத்துல வெக்கறேன்… அதேதான். அச்சா அதேதான் தம்பி. ஒரு புள்ளி மாறல.

ஆனாப் பாருங்க, அந்த மையிய ஒரு மயிரிழை உள்ள தள்ளுனா எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே ஒரு மயிரிழை. லட்சணமா ஆயிருவான். அந்த பாட்டலை இப்படிக் குடுங்க. சும்மா ஓரத்துல தொட்டு எடுத்துக்கறேன், ஒண்ணும் ஆகாது. குடுங்கன்னா.

வேண்டாம். குடுக்காதீங்க. மடியில வெச்சு அமுக்கிக்கங்க. மேளச் சத்தம் கேக்குது, நால்ரோடு வந்துருச்சு. கண்டக்டரே, விசிலடிங்க, பொண்ணுக்கு அப்பன் எறங்கோணும்! வர்றேன் தம்பி. பாட்டல் உங்ககிட்டயே இருக்கட்டும். கீழ எறங்கி ஜன்னல் வழியாக் கை நீட்டிக் கெஞ்சுனாலும் குடுத்துப்போடாதீங்க.